காட்டுத் தடத்தில் வண்டி மாட்டினால்: அனுபவஸ்தர்கள் எழுதுங்கள்

வண்டி மாட்டுற இடம் பெரும்பாலும் பெரிய பள்ளமா இருக்காது. சருகு மூடின சாதாரண ஈரமண்ணுதான். சக்கரம் சுத்துது, வண்டி நகரலைன்னு தெரிஞ்ச அந்த நொடியே ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கணும். உறும விட்டா டயர் தனக்குத்தானே குழி தோண்டி, வண்டி வயிறு மண்ணுல உட்கார்ந்துடும். இறங்கிக் குனிஞ்சு பாருங்க. டிஃபரன்ஷியல் (ஆக்ஸில் நடுவுல உருண்டையாத் தொங்குற கியர் பெட்டி) தரையைத் தொட்டுட்டா முதல் வேலை மண்வெட்டிக்குத்தான். அடியில இருக்கிற மண்ணை வாரிட்டு, டயருக்குப் பின்னாடி சரிவா வெட்டி, வந்த தடத்துலயே ரிவர்ஸ் எடுங்க. முன்னாடி போறதைவிட அதுதான் சுலபம், ஏன்னா அந்தத் தடம் ஏற்கெனவே அமுங்கியிருக்கு.

*

தோண்டுற நிலைக்கு வராமலே தப்பிக்கலாம், காத்தைக் குறைச்சா. ரோட்டுல 32 பிஎஸ்ஐ ஓடுற டயருக்கு மண் தடத்துல 22, சேறு மணலுக்கு 18. டயர் அகலமாகுறதாத்தான் பலர் நினைக்கிறாங்க. தரையில படுற பகுதி நீளமாகுது, பிடிப்பு அதுலதான் வருது. சாதாரண ரிம்முல 15க்குக் கீழ போகாதீங்க, ஸ்டீயரிங்கைச் சட்டுனு ஒடிச்சா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுக்கும். கம்ப்ரஸர் கையில இல்லாம காத்தையே இறக்காதீங்க. அதே காத்தோட தார் ரோட்டுல வேகமாப் போனா டயர் சூடேறி வெடிக்கும்.

*

மேலே சொன்ன 18 எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கூர்க்கல்லும் வெட்டிய மரக்கட்டைகளும் கிடக்கும் தடத்தில் காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும், முதலில் கிழிவதும் அதுதான். பக்கச்சுவர் கிழிசலுக்குப் பஞ்சர் கிட் உதவாது. அங்கே 24க்குக் கீழே இறக்க வேண்டாம்.

*

மாட்டின வண்டியைவிட அதை இழுக்கிற கயிறுதான் ஆபத்து. இதைச் சொன்னா யாரும் கேட்கிறதில்லை, அதனால விலாவாரியா எழுதுறேன்.

ட்ரெய்லர் மாட்டுற டோ பாலில் கயிறு போடவே கூடாது. அது உடைஞ்சா குண்டு மாதிரி பறந்து வந்து கண்ணாடியைத் துளைக்கும், ஆள் செத்திருக்காங்க. சேஸிஸோட போல்ட் பண்ணின, ரேட்டிங் உள்ள கொக்கியில மட்டும் மாட்டுங்க. வெட்டி இழுக்கணும்னா, அதாவது கயிறைத் தொய்வா விட்டு வண்டி வேகத்துல சட்டுனு இழுக்கணும்னா, விரிஞ்சு சுருங்கிற கைனடிக் கயிறு. சங்கிலியையோ வின்ச்சோட (வண்டியில மாட்டியிருக்கிற, கம்பியைச் சுத்தி இழுக்கிற கருவி) கம்பிக்கயிறையோ வெட்டி இழுக்காதீங்க, அதுக்கு விரியத் தெரியாது.

ஷாக்கிள்னா கயிறையும் கொக்கியையும் இணைக்கிற U வடிவ இரும்பு வளையம். அதோட பின்னைக் கையால கடைசி வரை திருகி, கால் சுத்து திருப்பித் தளர்த்துங்க. இல்லைன்னா பாரம் ஏறினதும் இறுகி, அப்புறம் ஸ்பேனர் போட்டாலும் அசையாது. கயிறு நடுவுல கனமான சாக்கு, போர்வை எதையாவது போடுங்க. அறுந்தா துள்ளுறது குறையும். டிரைவர்களைத் தவிர மத்தவங்க கயிறு நீளத்துல ஒன்றரை மடங்காவது தள்ளி, பக்கவாட்டுல நிக்கணும். சைகை காட்ட ஒரே ஆள். நாலு பேர் நாலு பக்கம் கத்தினா டிரைவர் யார் பேச்சைக் கேட்பான்?

வின்ச்னா மரத்துல கம்பியை நேரா சுத்தாதீங்க, மரப்பட்டை அறுந்து மரம் பட்டுப்போகும். அகலமான துணிப் பட்டையை மரத்தோட அடியில, தூர் பக்கமாப் போடுங்க. ஒரு கப்பி வழியா கம்பியைத் திருப்பி வண்டியிலயே மாட்டினா இழுவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, வேகம் பாதி. வின்ச் டிரம்முல கம்பி எப்பவும் அஞ்சு சுத்துக்குக் குறையாம இருக்கணும், கையில தோல் கையுறை.

*

ஓடையைக் கடக்கும் முன் ஒருவர் தடியோடு நடந்து பார்க்க வேண்டும். நடக்கவே முடியாத இழுப்பு என்றால் வண்டியும் போகக் கூடாது. ஓடிவந்த சூட்டோடு இறங்கினால் ஆக்ஸிலுக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகவோ பிரீதர் (ஆக்ஸிலின் காற்றுப்போக்கித் துளை) வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். பத்து நிமிடம் ஆறவிடுங்கள். லோ ரேஞ்சில் (ஃபோர் வீல் டிரைவில் வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) இரண்டாவது கியர், நடை வேகம், நடுவில் கிளட்சைத் தொடாதீர்கள்.

நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். இழுத்துக் கரையேற்றி, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால், பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கையும் டீசலில் குளோ பிளக்கையும் கழற்றிய பிறகே எஞ்சினைச் சுழற்ற வேண்டும்.

*

ஒண்ணு விட்டுப்போச்சு. பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவை 4எச்-ல (நாலு சக்கரமும் இழுக்கிற நிலை) போட்டபடியே காய்ஞ்ச தார் ரோட்டுல ஏறிடாதீங்க. திருப்பத்துல முன்சக்கரமும் பின்சக்கரமும் வேற வேற தூரம் ஓடும், அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட ரெண்டுக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் இல்லாததால முறுக்கு உள்ளேயே தங்கிடும். லீவர் 2எச்-க்கு (ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற நிலை) வராம அடம்பிடிச்சா அதுதான் காரணம். ஓங்கி இழுக்காம, நேரா ரெண்டு மூணு மீட்டர் ரிவர்ஸ் எடுத்தா தானா விடும்.

*

உயரமான காய்ந்த புல்லில் ஓடினால் அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி, சைலன்ஸரைச் சுற்றிச் சேர்ந்த புல்லைக் கம்பியால் எடுத்துவிடுங்கள்; சூட்டில் பற்றிக்கொள்ளும். நிறுத்தும்போது புல் மேல் நிறுத்தாதீர்கள். ஓடையைக் கடந்திருந்தால், மறுநாள் டிஃபரன்ஷியல் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள், பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும்.