உப்பளப் படநூல்: புதுப்பிப்பு

தூத்துக்குடி உப்பளப் படங்களைக் கையால் நூலாக்கத் தையல் கட்டு நல்லதா, நீளத் தாளை முன்னும் பின்னுமாக மடிக்கும் விசிறி மடிப்பு நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். விசிறி மடிப்பையே தேர்ந்துவிட்டேன். பாத்தி வரப்புகள் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு அறுபடாமல் ஓட வேண்டும். தைத்த நூலின் நடுப்பள்ளம் அந்தக் கோட்டை விழுங்கிவிடும்.

காகிதம் தேடத்தான் அதிக நாளானது. ஆலைக் காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். குறுக்கே மடித்தால் மேற்பரப்பு வெடித்து, மை உதிர்ந்து, வெள்ளைக் கோடு தெரியும். பருத்திக் கூழில் செய்த கைக்காகிதத்தில் இழைகள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் எப்பக்கமும் ஒன்றுபோல் மடிகிறது. அதன் சொரசொரப்பு நுண்விவரங்களைச் சற்று மங்கச் செய்கிறது, உண்மைதான். ஆனால் உப்புப் பூத்த மண்ணுக்கு அந்தப் பரப்பு எவ்வளவு பொருந்துகிறது! அட்டையை மைதாப் பசையால் ஒட்டி, பாரம் ஏற்றி உலர்த்தினேன்.

மாதிரிப் பிரதியை உப்பு வாரும் பெண்களிடம் காட்டினேன். முகம் தெரியும் படங்களுக்குச் சம்மதம் தந்தார்கள். ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார், அவர் படத்தை நூலிலிருந்து நீக்கிவிட்டேன்.

வடகிழக்குப் பருவமழையில் உப்பளங்கள் ஓய்ந்துவிடும். மழைநீர் மூடிய பாத்திகள் இல்லாமல் இந்த நூல் முழுமையாகாது. ஐப்பசியில் மறுபடியும் போகிறேன்.