பழைய கென்டருக்கு இரண்டாவது டீசல் பில்டர் போடலாமா? ஏற்றத்தில் இழுவை போகிறது

கொட்டாஞ்சேனை கென்டர்:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1994 கென்டர், 4டி33 எஞ்சின். அப்பா ஓட்டிய லொறி, இப்போது நான் ஓட்டுகிறேன். புறக்கோட்டையில் அரிசி, சீனி, மா ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு தடவை ஹட்டன் போய் வருகிறேன். அவிசாவளை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏற்றம் தொடங்கிப் பத்து நிமிடம் போனால் இழுவை செத்துவிடுகிறது, மிதித்தாலும் எடுக்காது, கரும்புகையும் வராது. ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஏறும், இரண்டு வளைவு தாண்டினால் திரும்பவும் அதே நிலைமை.

இரண்டு மாதத்தில் மூன்று பில்டர் மாற்றிவிட்டேன். கழற்றியதை வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுப்பாக, வழுவழுவென்று கிரீஸ் மாதிரி ஒரு அழுக்கு. பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் விசாரித்தேன், உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் பில்டரைக் காட்டி, டேங்கிலிருந்து வரும் ஹோஸை வெட்டி நடுவில் இதைப் போடு, சரியாகிவிடும் என்றார்கள். எங்கள் கராஜ் பாஸ், லொறி திருத்துகிறவர், வேண்டாம் என்கிறார், ஆனால் காரணம் சொல்லவில்லை. இரண்டாவது பில்டர் போடலாமா? போட்டால் எங்கே, எந்த மாதிரி? அடுத்த ஓட்டம் வியாழன், அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

அவிசாவளை ஓட்டம்:
தம்பி அந்தப் பிளாஸ்டிக்கைப் போடாதீர்கள். அது சின்னப் பெட்ரோல் எஞ்சினுக்குச் செய்தது. நானும் ஒருதரம் போட்டு, யட்டியாந்தோட்டையில் நடு இரவில் நின்றேன்.

மாளிகாவத்தை நானா:
தம்பி, உங்கள் பாஸ் சொன்னது சரி. காரணத்தை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசியுங்கள்.

உங்கள் எஞ்சினில் டீசல் போகும் வழியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். டேங்கிலிருந்து பீட் பம்ப் வரைக்கும், அதாவது டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கிற சின்னப் பம்ப் வரைக்கும், உறிஞ்சும் பக்கம். பீட் பம்பிலிருந்து இப்போதுள்ள பில்டர் வழியாகப் பெரிய பம்புக்கு, அதாவது நொசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்புகிற பம்புக்கு, போவது தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஒன்றிலிருந்து இரண்டு பார் வரை அழுத்தம் இருக்கும், அங்கே நெருக்கமான பில்டரையும் அது தள்ளிக் கடத்திவிடும். உறிஞ்சும் பக்கத்தில் அந்தப் பலம் இல்லை. அங்கே கைக்குள் அடங்குகிற காகிதப் பில்டரை வைத்தால் உங்கள் டேங்கில் இருக்கிற அழுக்குக்கு ஒரு ஓட்டம் தாங்குவதே பெரிய காரியம். முழு மிதியில் அந்த எஞ்சின் மணிக்கு 20 லீற்றருக்கு மேல் எரிக்கும், அதைவிட அதிகமாகப் பம்புக்குள் போய் மிச்சம் ரிட்டர்ன் பைப்பில் டேங்குக்குத் திரும்பும். அத்தனையும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக்குக்குள்ளால் போக வேண்டும்.

ஆனாலும் இரண்டாவது பில்டருக்குச் சரியான இடம் உறிஞ்சும் பக்கம்தான். போட வேண்டியது தண்ணீர் பிரிக்கிற பில்டர், அதாவது அடியில் கண்ணாடிக் கிண்ணமும் திறந்துவிடக் குழாயும் உள்ள வோட்டர் செபரேட்டர். தண்ணீர் டீசலைவிடக் கனம், பெரிய துளியாக இருக்கும்போதே பிடித்தால் தானாகக் கீழே இறங்கிவிடும். பீட் பம்பைத் தாண்டிவிட்டால் அது அடிபட்டுப் பொடித் துளியாகிவிடும், பிறகு பிரிப்பது கஷ்டம். அதனால்தான் அதைப் பம்புக்கு முன்னால் வைக்கிறோம். உள்ளே போடும் எலிமெண்ட், அதாவது மாற்றக்கூடிய வடிகட்டித் துண்டு, 30 மைக்ரோன் போதும். மைக்ரோன் எண் குறையக் குறைய வடிகட்டி நெருக்கமாகும். ரேகோர் கம்பெனி வகை என்றால் சிவப்பு மூடி 30, நீலம் 10, பழுப்பு 2. கடையில் நல்லது என்று சொல்லி 2 மைக்ரோனைத் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். நுண்ணிய அழுக்கைப் பிடிக்க எஞ்சினில் இருக்கிற பில்டர் இருக்கிறதே.

ஒன்று கேட்கிறேன். அந்த டேங்கைக் கடைசியாக எப்போது இறக்கிக் கழுவினீர்கள்?

கொட்டாஞ்சேனை கென்டர்:
நானா, உண்மையைச் சொல்கிறேன், நான் எடுத்த பிறகு கழுவவே இல்லை. 2022 தட்டுப்பாட்டு நேரம் பீப்பாயிலும் கேனிலும் கிடைத்ததையெல்லாம் ஊற்றினோம். அப்புறம் ஓட்டம் இல்லாமல் நாலு மாதம் அரை டேங்க் டீசலோடு மட்டக்குளியில் நின்றது.

மாளிகாவத்தை நானா:
அங்கேதான் வந்திருக்கிறது. அரை டேங்க் என்றால் மீதி அரை காற்று. இந்த ஊர்க் காற்றில் எவ்வளவு ஈரம் என்று உங்களுக்குத் தெரியும், இரவில் தகரம் குளிர அந்த ஈரம் உள்ளே வியர்த்து அடியில் தண்ணீராகத் தேங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் கிருமி வளரும். நீங்கள் பார்த்த கறுப்பு வழுவழுப்பு பெரும்பாலும் அதுதான். நிறுத்திவைத்தால் மறுபடி ஏறுகிறது என்றீர்களே, உறிஞ்சும்போது குழாய் வாயில் ஒட்டுகிற அழுக்கு, எஞ்சின் நின்றதும் விட்டு விழுகிறது என்றுதான் நினைக்கிறேன். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படிச் செய்யும். அடுத்தமுறை நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள், உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் அது மூடி.

வத்தளை டீசல்:
நானா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. பழைய டாட்டா, லேலண்ட் லொறிகளில் தொழிற்சாலையிலேயே இரட்டைப் பில்டர் வருகிறது, இரண்டும் தள்ளும் பக்கத்தில், முதலாவது பரும்படி, இரண்டாவது காகிதம். அந்த இரட்டைத் தலையை வாங்கிக் கென்டரில் பூட்டி வருஷக்கணக்காக ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் கைவைத்தால் ஏர் பிடிக்கிற தொல்லை வரும். அங்கே ஒவ்வொரு புது மூட்டும் காற்று நுழைய ஒரு வாசல், டீசல் கசியாது, அதனால் கண்ணுக்கும் தெரியாது.

மாளிகாவத்தை நானா:
ஏர் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெறும் தூசி மட்டும் என்றால் நானும் இரட்டைத் தலையைத்தான் சொல்லியிருப்பேன். இவருக்குத் தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் பெரிய பம்புக்குள்ளும் நொசிலுக்குள்ளும் போனால் என்ன செலவு என்று உங்களுக்கே தெரியும்.

வத்தளை டீசல்:
சரி, அதை ஏற்கிறேன். தம்பி, ஒன்றும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். சுத்தமான டீசல் ஒரு கேன் எடுத்து அசையாமல் கட்டி, புது ஹோஸால் நேரே பீட் பம்புக்குக் கொடுங்கள். ரிட்டர்னையும் அதே கேனுக்குத் திருப்புங்கள், இல்லாவிட்டால் கேன் சீக்கிரம் காலியாகும். கனத்தோடு ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். இழுவை வந்தால் பிழை டேங்க் பக்கம். வராவிட்டால் பீட் பம்புக்கு டீசல் நுழைகிற பேன்ஜோ போல்டை, அதாவது நடுவில் துளையுள்ள போல்டை, கழற்றுங்கள், உள்ளே விரல் நுனி அளவில் ஒரு கம்பி வலை இருக்கும். பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கொட்டாஞ்சேனை கென்டர்:
வியாழன் ஓட்டத்தை மச்சானின் லொறிக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு நாளும் பாஸோடு கராஜில் நின்றேன். கேன் வைத்துக் கடுகண்ணாவை ஏற்றம் போனோம். இழுவை கொஞ்சம் கூடியது, முழுதாக வரவில்லை. பிறகு அந்தப் போல்டைக் கழற்றினால் வலை முழுக்கக் கறுப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளை அளவுகூட ஒளி வரவில்லை. பாஸும் அதை முதல்தடவையாகத்தான் பார்க்கிறார்.

டேங்கை இறக்கினோம். அடியிலிருந்து முக்கால் போத்தல் தண்ணீர், மேலே மிதந்த கறுப்புத் தோல் தனி. உறிஞ்சும் குழாயின் நுனி வலையிலும் அதே தோல்தான் ஒட்டிக் கிடந்தது. டீசலாலேயே நாலு தடவை அலசினோம்.

இனிப் பில்டர். கிண்ணம் உள்ளதையே வாங்கினேன், 30 மைக்ரோன். சேசியின் உள்பக்கம், டேங்குக்கும் பம்புக்கும் நடுவில், சைலன்ஸருக்கு எதிர்ப்புறம் பூட்டுகிறோம். ஹோஸ் 8 மில்லிமீற்றர். மூட்டுகளுக்குத் தெஃப்லோன் டேப் சுற்றலாமா?

மாளிகாவத்தை நானா:
டேப் வேண்டவே வேண்டாம். அதன் நூல் பிய்ந்து பம்புக்குள் போகும். எண்ணெய் தாங்குகிற திரவ சீலர் போதும். செம்பு வொஷர் எல்லாம் புதிது போடுங்கள், பழையதைத் திருப்பிப் போடாதீர்கள். ஹோஸ் டீசலுக்கென்று அச்சடித்ததாக இருக்கட்டும், தண்ணீர் ஹோஸ் ஊறி உள்ளுக்குச் சப்பிவிடும். கண்ணாடிக் கிண்ணத்துக்குக் கல் படாமல் ஒரு தகரம் வையுங்கள். பில்டரை டீசலால் நிரப்பி, பீட் பம்பின் கைப் பம்பை அடித்து, எஞ்சின் பில்டரின் ஏர் ஸ்குரூவில் குமிழி நிற்கும்வரை ஏர் எடுங்கள்.

கொட்டாஞ்சேனை கென்டர்:
பூட்டியாகிவிட்டது. ஓடும்போது நல்ல இழுவை, ஆனால் புதுப் பிரச்சினை. இரவு நிறுத்திக் காலையில் ஸ்டார்ட் செய்தால் பிடித்து உடனே அணைகிறது, கைப் பம்ப் அடித்தால்தான் அணையாமல் ஓடுகிறது. எங்கேயும் ஒரு சொட்டுக் கசிவில்லை.

வத்தளை டீசல்:
இதைத்தான் பயந்தேன். பீட் பம்புக்கு முன்னால் ஒரு அடி உள்ளே தெரிகிற கண்ணாடி மாதிரி ஹோஸ் தற்காலிகமாகப் போட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், குமிழி ஓடுவது தெரியும். பிறகு செபரேட்டரின் இரண்டு பக்க மூட்டையும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். திறந்துவிடுகிற குழாயையும் மறக்காதீர்கள், அதன் ரப்பர் வளையம் மடிந்தாலும் காற்று நுழையும்.

கொட்டாஞ்சேனை கென்டர்:
அண்ணா, அதேதான். கிண்ணத்தின் அடிக் குழாயில் வளையம் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. மாற்றினேன். மூன்று காலையாகச் சாவி திருப்பியவுடன் பிடிக்கிறது.

நேற்று மூன்று தொன் ஏற்றிக்கொண்டு ஹட்டன் போனேன். கினிகத்தேனையில் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. வட்டவளையில் தேநீருக்கு நிறுத்தியபோது கிண்ணத்தைப் பார்த்தேன், அடியில் ஒரு விரல்கடை தண்ணீரும் கொஞ்சம் கறுப்பும். கழுவின டேங்கிலிருந்தா இன்னும் வருகிறது? எலிமெண்டை எப்போது மாற்றுவது?

மாளிகாவத்தை நானா:
வரும் தம்பி. தகரத்தின் மூலையிலும் மடிப்பிலும் ஒட்டினது ஓடுகிற ஆட்டத்தில்தான் கழன்று வரும். இந்த முதல் எலிமெண்டை ஒரு மாதத்தில் தூக்கி எறியுங்கள், நன்றாகத் தெரிந்தாலும் சரி. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், இரவு முழுக்கத் தங்கி இறங்கியிருக்கும் நேரம், குழாயைத் திறந்து ஒரு போத்தலுக்குள் விடுங்கள். சுத்த டீசல் வந்தவுடன் மூடுங்கள். இரவில் லொறியை நிறுத்தும்போது டேங்கை முடிந்த அளவு நிரப்பியே நிறுத்துங்கள்.