ஒரு புள்ளி காணாமல் போன ராத்திரி: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தொடங்கியவர்: ஒன்பது வயது மகளின் அம்மா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். மகளுக்கு அப்போது பதினோரு மாதம். காய்ச்சலோடு வலிப்பும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மூன்றாம் நாள் ராத்திரி நர்ஸ் மருந்து கொடுக்க வந்தார். முதல் இரண்டு நாளும் சிரிஞ்சின் அடியில் துளியூண்டுதான் மருந்து இருக்கும். அன்றைக்குச் சிரிஞ்சு நிறைய இருந்தது. “சிஸ்டர், நேத்து இவ்வளவு இல்லையே?” என்றேன். தூக்கக் கலக்கத்தில் வாயில் வந்த கேள்விதான். அவர் கையை அப்படியே நிறுத்தினார். சார்ட்டைப் புரட்டினார். இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். 0.5 மி.லி. என்று எழுத வேண்டியதை யாரோ .5 என்று எழுதியிருக்கிறார்கள். கோடு போட்ட தாளில் அந்தப் புள்ளி கோட்டோடு கலந்துவிட்டது. மிஞ்சியது 5. பத்து மடங்கு.

அந்த நர்ஸ் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. “நீங்க பேசாம இரும்மா” என்று சொல்லாமல் நின்றாரே, அதற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அன்று நான் கண்ணசந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு விடவில்லை. தேடித் தேடிப் படித்தேன். 2001-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு: இரண்டு ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளுக்கு எழுதப்பட்ட 10,778 மருந்து உத்தரவுகளைப் பார்த்ததில் 616 தவறுகள். பெரும்பாலானவை குழந்தையைத் தொடவில்லை. ஆனால், கெடுதல் செய்திருக்கக்கூடிய தவறுகள் பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் மூன்று மடங்கு. என் மகளுக்கு நடக்க இருந்தது அபூர்வமான விபத்து இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரோ உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே முறை நாங்கள் வார்டில் இருந்தபோது ஓர் ஆராய்ச்சியில் சேர்க்கலாமா என்று வந்து கேட்டார்கள். “என் பிள்ளை ஒண்ணும் சோதனை எலி இல்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். இப்போது அவளுக்கு வேறோர் ஆராய்ச்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதே பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் தைரியம் இல்லை. சேர்ந்தவர்கள், மறுத்தவர்கள், வார்டில் வேலை பார்ப்பவர்கள், பார்த்ததை எழுதுங்கள்.

குழந்தைகள் வார்டு நர்ஸ், 22 வருட சர்வீஸ்

அம்மா, நீங்க கேட்ட மாதிரி யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் நாங்க ஏங்குறோம். வெளியில இருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் புரியணும். பெரியவங்களுக்கு “ஒரு மாத்திரை”ன்னா முடிஞ்சது. எங்க வார்டுல 900 கிராம் குழந்தையும் இருக்கும், 60 கிலோ பையனும் இருப்பான். எடையைப் பெருக்கணும், பாட்டில்ல என்ன அடர்த்தின்னு பாத்து வகுக்கணும், சில சமயம் அதையும் தண்ணி சேத்து நீர்க்கணும். இதெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு. பெரியவங்களுக்குப் பத்து மடங்கு போடணும்னா பத்து ஆம்பூல், அதாவது ஊசி மருந்து இருக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி, உடைக்கணும், ரெண்டாவதுலயே கை நின்னுடும். பச்சைக் குழந்தைக்கு ஒரே ஆம்பூல்லயே பத்து மடங்கு இருக்கும். கைக்கு எதுவுமே வித்தியாசமாத் தோணாது.

அதனாலதான் புள்ளிக்கு முன்னாடி 0 கட்டாயம், முழு எண்ணுக்குப் பின்னாடி .0 கூடவே கூடாதுன்னு விதி. எடையைக் கிலோவுலதான் எழுதணும். ஆபத்தான மருந்துன்னா இன்னொரு நர்ஸ் தனியாக் கணக்குப் போடணும். என் விடையை அவங்களுக்குக் காட்டக் கூடாது. காட்டினா “ஆமா, சரிதான்”னு தலையாட்டிடுவாங்க. மனுச மனசு அப்படி.

எனக்கு நடந்த ஒண்ணு. ஷிஃப்ட் மாறும்போது நான் ஒப்படைச்சது: “ஏழாம் பெட் நல்லா இருக்கான்.” காலையில ஆறு மணிக்கு அவனுக்குச் சர்க்கரை திரும்பப் பாக்கணும்னு சொல்ல மறந்துட்டேன். ஒன்பது மணிக்குப் பாத்தப்ப ரொம்ப எறங்கியிருந்தது. தப்பிச்சான். அன்னிக்கு வீட்டுக்குப் போய் நான் சாப்பிடலை. அப்புறம்தான் ஐ-பாஸ்னு, ஒப்படைக்கும்போது என்னென்ன சொல்லணும்னு வரிசைப்படுத்தின முறை எங்க வார்டுக்கு வந்தது. நோய் எவ்வளவு கடுமை, சுருக்கம் என்ன, செய்ய வேண்டியது என்னென்ன, நிலைமை மோசமானா என்ன பண்றது, கடைசியா வாங்கிக்கிறவங்க அதைத் திருப்பிச் சொல்லணும். அந்தத் திருப்பிச் சொல்றதுலதான் உயிரே இருக்கு. நான் “ஆறு மணி சர்க்கரை”யை விட்டிருந்தா, எதிர்ல இருக்கிறவங்க “அப்ப செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்லையா?”ன்னு கேட்டிருப்பாங்க. 2014-இல் வந்த ஆய்வுல ஒன்பது ஆஸ்பத்திரி, 10,740 அட்மிஷன். தவறுகள் 23 சதவீதம் குறைஞ்சது, தடுத்திருக்கக்கூடிய பாதிப்பு 30 சதவீதம். புது மெஷின் கிடையாது, புது மருந்து கிடையாது. பேசுற விதம் மட்டும்தான் மாறிச்சு.

2018-இல் இன்னொண்ணு வந்தது. ஏழு ஆஸ்பத்திரிகள்ல டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது பெத்தவங்களையும் சேத்து, புரியிற பாஷையில பேசினாங்க. மொத்தத் தவறு குறையலை. ஆனா குழந்தைக்குக் கெடுதல் பண்ற தவறு 38 சதவீதம் குறைஞ்சது. “நேத்து இவ்வளவு இல்லையே”ன்னு கேக்குறதுக்கு இடம் கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

இரட்டையர்களின் அப்பா

நான் வீட்டுக் கதை சொல்கிறேன். சிரப் கொடுக்க “ஒரு ஸ்பூன்” என்று சீட்டில் இருந்தது. எங்கள் வீட்டு ஸ்பூனால் கொடுத்தேன். பிறகு மருந்துக்கடைக்காரர் சிரிஞ்சைக் கொடுத்து அளக்கச் சொன்னபோதுதான் அந்த ஸ்பூன் 8 மி.லி. பிடித்தது தெரிந்தது. கொடுக்க வேண்டியது 5. 2016-இல் வந்த ஓர் ஆய்வில் பெற்றோரையே அளக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு முறையாவது தவறாக அளந்தார்கள். மூடிக் கிண்ணத்தைவிடச் சிரிஞ்சில் தவறு மிகக் குறைவு. இப்போது எங்கள் வீட்டில் மி.லி. போட்ட சிரிஞ்சு மட்டும்தான்.

குழந்தைகள் ஐசியூ டாக்டர்

இங்கே எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. காரணம், என் கையே சம்பந்தப்பட்டது.

எங்களுக்குப் படிப்பில் சொல்லிக் கொடுத்தது இது: கடுமையான தொற்றில் கைகால் சில்லிட்டு, ரத்த ஓட்டம் குறைந்த குழந்தை வந்தால், கிலோவுக்கு 20 மி.லி. வீதம் திரவத்தை வேகமாக ஏற்று. உடனே ஏற்று. நானும் அப்படியே செய்தேன். கை சூடாகும், நாடித்துடிப்பு தெளியும், கண்ணெதிரே முகம் மாறும். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று நினைப்போம்.

கேத்ரின் மெய்ட்லண்ட் என்ற குழந்தைகள் நல டாக்டர் தலைமையில் கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் இதைச் சோதித்தார்கள். 3,141 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு ஆல்புமின் என்ற புரதக் கரைசல், ஒரு பிரிவுக்கு சலைன் என்ற உப்பு நீர், இரண்டும் வேகமாக. மூன்றாம் பிரிவுக்கு வேக ஏற்றம் இல்லை, வழக்கமான அளவு மட்டும். திரவம் ஏற்றிய பிரிவுதான் ஜெயிக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். 48 மணி நேரத்தில் ஏற்றிய இரண்டு பிரிவிலும் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் இறந்தார்கள். ஏற்றாத பிரிவில் 7.3. கண்காணிப்புக் குழு பாதியிலேயே நிறுத்தச் சொன்னது. 2011-இல் முடிவு வெளியானது.

படித்த அன்று நான் வார்டுக்குள் போக முடியாமல் வெளியே நின்றேன். சூடான அந்தக் கைகளை நினைத்தேன். முதல் ஒரு மணி நேரம் நன்றாகத் தெரிந்தவர்களில் சிலர் பிற்பாடு இறந்தார்கள். ஒற்றைக் கட்டிலருகே நிற்கும் டாக்டருக்கு அது ஒருபோதும் தெரியாது. நூற்றுக்கு மூன்று பேர் என்பது ஒருவரின் அனுபவத்துக்குள் அடங்காத கணக்கு.

ஒரு எச்சரிக்கை. அந்த ஆய்வு ஐசியூ வசதி இல்லாத இடங்களில் நடந்தது. வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகளை அதில் சேர்க்கவில்லை. அவர்களுக்குத் திரவம் உயிர். இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் ட்ரிப்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். 2020-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் ஐசியூ இருக்கும் இடம், இல்லாத இடம், ரத்த அழுத்தம் விழுந்த குழந்தை, விழாத குழந்தை என்று பிரித்துத்தான் சொல்கிறது.

பெயர் வேண்டாம்

டாக்டர், மரியாதையோடு கேட்கிறேன். அந்த ஆய்வில் இறந்த குழந்தைகளின் அம்மாக்களுக்கு என்ன பதில்? வசதியில்லாத இடத்துப் பிள்ளைகளை வைத்துத்தானே எப்போதும் பரிசோதிக்கிறார்கள்?

குழந்தைகள் ஐசியூ டாக்டர்

கேட்க வேண்டிய கேள்விதான். என்னிடம் இருப்பது பாதிப் பதில். அந்த ஆய்வு நடக்காமல் போயிருந்தால், அதே இடங்களில் அதே சிகிச்சை யாரும் எண்ணாமல் தொடர்ந்திருக்கும். இறந்தவர்கள் நோயால் இறந்தார்கள் என்றே எழுதியிருப்போம். மறுபாதி: உயிர் ஊசலாடும் அவசரத்தில் சில பெற்றோரிடம் முதலில் வாய்மொழியாகச் சம்மதம் கேட்டு, முழு ஒப்புதலைப் பிறகு வாங்கினார்கள். அது சரியா என்று இன்றும் எங்களுக்குள் விவாதம் உண்டு. விவாதம் ஓயக் கூடாது என்பதே என் கருத்து.

ஓய்வுபெற்ற பிரசவ வார்டு நர்ஸ்

என் வயதுக்காரர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். குழந்தையைக் குப்புறப் படுக்க வையுங்கள், கக்கினாலும் புரையேறாது என்று நூற்றுக்கணக்கான அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. கேட்க நியாயமாகவும் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பல நாடுகளில் பிரசாரம் செய்தார்கள். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை அங்கெல்லாம் பாதிக்கும் கீழே போனது. 2005-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள்: 1970-இலேயே சான்று இருந்திருக்கிறது. அப்போதே யாராவது அவற்றை ஒன்றாகக் கோர்த்துப் பார்த்திருந்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் மட்டும் ஐம்பதாயிரம் குழந்தைகளாவது பிழைத்திருக்கும்.

நான் சொல்லிக் கொடுத்த அம்மாக்களின் முகம் ஒன்றிரண்டு ஞாபகம் இருக்கிறது. அவர்கள் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது.

லுகேமியாவிலிருந்து மீண்ட பெண்ணின் அப்பா

தங்கச்சி, “சோதனை எலி” என்று நானும் சொன்னவன்தான். மகளுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய். டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். 1960-களில் இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்று பிழைத்தால் பெரிது. இன்று நல்ல மையங்களில் பத்துக்கு ஒன்பது. நடுவில் அதிசய மருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டேன். “பெரும்பாலும் அதே பழைய மருந்துகள்தான். எதை எதோடு, எந்த வரிசையில், எத்தனை நாள் என்று ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளைகளிடமிருந்தும் கற்றுக்கொண்டோம்” என்றார்.

மகளையும் அப்படி ஓர் ஆராய்ச்சியில் சேர்க்கக் கேட்டார். எந்தப் பிரிவு என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும் என்றபோது எனக்கு ஆத்திரம். “உங்களுக்கே தெரியாதா?” என்று கத்தினேன். “தெரிந்திருந்தால் கேட்கவே மாட்டோம்” என்றார் அவர். அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. கையெழுத்துப் போட்டேன். மகளுக்கு விழுந்தது மருந்து குறைவான பிரிவு. தினமும் பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள்.

உங்களுக்கு ஒரே யோசனை: எப்போது வேண்டுமானாலும் விலகலாமா, விலகினால் வழக்கமான சிகிச்சை மாறுமா, கெடுதல் நடந்தால் யார் பார்ப்பார்கள், முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை நான் கேட்க மறந்துவிட்டேன்.

தொடங்கியவர்: ஒன்பது வயது மகளின் அம்மா

எல்லோருக்கும் நன்றி. பிரசவ வார்டு அம்மா, உங்கள் பதிவை நான்கு முறை படித்தேன்.

இன்று போய்வந்தோம். அண்ணன் சொன்ன நான்கு கேள்வியையும் எழுதி எடுத்துப்போனேன். ஆராய்ச்சி நர்ஸ் பொறுமையாகப் பதில் சொன்னார். முடிவைக் கடிதமாக அனுப்புவோம் என்றார். நான் பேனாவை எடுத்தபோது, “உங்க கையெழுத்து மட்டும் போதாது” என்று நாற்காலியை மகள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். படம் போட்ட தாளைக் காட்டி அவளுக்குப் புரியும்படி விளக்கினார். வேண்டாம் என்றாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம் என்றார்.

மகள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ரத்தம் எத்தனை தடவை எடுப்பீங்க?”

“மூணு.”

“ரெண்டுன்னா சரி.”

நான் அவளை அதட்ட வாயெடுத்தேன். அந்த நர்ஸ் சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. தாளின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டார். வழக்கமான பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தத்திலேயே மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். திங்கட்கிழமை கூப்பிடுவார்கள். அதுவரை படிவம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, இரண்டு கையெழுத்தும் போடாமல்.