சிந்துபாத் படத்து எலும்புக்கூட்டுச் சண்டையை ஃபோன் கமராவில எடுக்கலாமா?

கேள்வி (கல்லடி):
1958ல வந்த ‘த செவன்த் வோயேஜ் ஒஃப் சின்பாட்’ படத்து வாள்சண்டை மாதிரி, பாடசாலை நாடகக் குழுவோட 20 செக்கன் காட்சி ஒன்று எடுக்கப் போறம். மாலுமி வேஷத்தில ஒரு மாணவன், எதிரே 25 செ.மீ எலும்புக்கூட்டுப் பொம்மை. மாணவன்ட வீடியோவை லப்டொப்பில ஃபிரேம் ஃபிரேமா நகர்த்தி, அதுக்கு முன்னால பொம்மையை வைச்சு எடுக்கிறதுதான் யோசனை. வாவியில புயலில மாட்டின கப்பலும் வேணும். மாதிரிக் கப்பல் ஒரு மீற்றர் நீளம். எங்க பிழைக்கும்?

பதில் 1 (கல்முனை):
அந்தப் படத்தில பொம்மைகளை அசைச்ச ரே ஹரிஹவுசன் செய்ததும் இதுதான். நடிகர் நடிச்ச படத்தைச் சின்னத் திரையில பின்பக்கமிருந்து விழுத்தி, முன்னால பொம்மையை அசைச்சு எடுத்தார். முன்பக்கத் தரை வாற பகுதியைக் கண்ணாடியில கறுப்புப் பூசி மறைச்சு, மறுகா ஃபிலிமைப் பின்னுக்குச் சுத்தி அந்தப் பகுதியை மட்டும் பதிஞ்சார். அதாலதான் பொம்மை காட்சிக்கு நடுவில நிற்குது. இந்த முறைக்கு டைனமேஷன் எண்ட பேர் இந்தப் படத்தோடதான் வந்தது.

முதல்ல மாணவனை எடுங்க. சின்பாட்டா நடிச்ச கேர்வின் மத்யூஸ் வாள்பயிற்சி ஆசிரியரோட அடிகளை எண்ணிப் பழகி, மறுகா எதிராளி இல்லாம அதே எண்ணிக்கையில வீசினார். வாள் ‘மோதுற’ இடத்தில கை சடாரெண்டு நிற்கணும். வழுக்கிப் போனால் பொம்மையை எப்படி வைச்சாலும் அடி விழுந்த மாதிரி இராது. எலும்புக்கூட்டின்ட தலை உயரத்தில கம்பில துணி கட்டி, கண்ணை அங்கேயே வைக்கப் பழக்குங்க.

மாணவன்ட வீடியோ செக்கனுக்கு 24 ஃபிரேம் எண்டால் பொம்மைக்கும் 24 வேணும், மொத்தம் 480 படம். வேலையைக் குறைக்க 12 போட்டால் வாள்கள் சந்திக்காது. இரண்டு, மூன்று செக்கன் துண்டுகளாப் பிரிச்சு எடுங்க.

பதில் 2 (காத்தான்குடி):
லப்டொப் பின்திரை சரிவராது, தம்பி. மாணவனை 5 மீற்றர் தூரத்தில, 140 செ.மீ உயரத்தில கமரா வைச்சு எடுத்தால், ஏழில ஒன்று அளவுப் பொம்மைக்கு 71 செ.மீ தூரம், 20 செ.மீ உயரம் வரும். அதே லென்ஸ், அதே சரிவு. அந்த இடத்திலிருந்து ஃபோனின்ட சாதாரண லென்ஸ் பின்னால ஒரு மீற்றருக்கு மேல அகலம் பார்க்கும், 15.6 அங்குல லப்டொப் அகலம் 35 செ.மீ கூட இல்லை. கிட்டக் கொண்டுபோனால் பொம்மை மட்டும் வேற கோணத்தில நிற்கும். பொம்மைக்குப் பின்னால பச்சைத் துணி கட்டி எடுத்து, கணினியில பச்சையை நீக்கி மாணவன்ட வீடியோவோட சேருங்க. லப்டொப்பைப் பக்கத்தில திறந்து வைச்சு, ஃபிரேம் இலக்கம் பார்த்துப் பொம்மையை அசையுங்க. துணி ஒரு மீற்றராவது தள்ளி இருக்கணும், இல்லாட்டி வெள்ளை எலும்பில பச்சை படியும்.

உடம்புக்கு 1.5 மி.மீ அலுமினியக் கம்பி, இரண்டு இழை முறுக்கி. கட்டுக்கம்பி வளைச்ச இடத்தில நிற்காமல் ஒள்ளுப்பம் திரும்பும். அலுமினியமும் கடைசியில ஒடியும். வாள் பிடிக்கிற கைதான் முதல்ல போகும், இரண்டு மாற்றுக் கை செய்து வைங்க. பாதத்துக்குள்ள 3 மி.மீ நட் ஒட்டி, பலகைக்குக் கீழால போல்ட் முறுக்குங்க. தரைக்குக் கடல் மணல் எண்டால் தேயிலை வடியில அரிச்சு, தண்ணி கலந்த மரப்பசையில ஒட்டுங்க. ஒட்டாத மணல் விரல் பட்டுப் பட்டு இடம் மாறி, படத்தில கொதிக்கிற மாதிரித் தெரியும்.

ஜன்னலை மூடுங்க, மின்விசிறி வேணாம். ஃபோக்கஸ், வெளிச்ச அளவு, வைட் பலன்ஸ் மூன்றையும் பூட்டி, ஷட்டரை 1/50ல வைங்க. எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதோட ஒத்துப்போனால் விளக்கு வெளிச்சம் படத்தில சிமிட்டாது.

பதில் 3 (அக்கரைப்பற்று):
கப்பலுக்குச் சொல்றன். 16 மீற்றர் கப்பலை ஒரு மீற்றரில காட்டினால் அளவு பதினாறில ஒன்று. 16இன்ட வர்க்கமூலம் 4. அப்ப 24க்கு நாலு மடங்கு, 96 ஃபிரேமில எடுத்து 24ல ஓட்டணும். ஃபோனில 120ஐப் போடுங்க, கிட்டத்தட்ட சரி. சாதாரண வேகத்தில எடுத்தால் கப்பல் தக்கை மாதிரித் துள்ளும். மணல் பை வைச்சுப் பாரம் ஏற்றினால் துள்ளல் குறையும்.

10 செ.மீ அலை படத்தில 1.6 மீற்றர் அலை. புயலுக்கு 25 செ.மீ வேணும், பலகையால தள்ளி எழுப்புங்க. தண்ணித்துளி மட்டும் எந்த அளவிலயும் சிறுக்காது. தெறிக்கிற துண்டுகளை வெட்டி விடுங்க. கமரா தண்ணிக்கு நாலு விரல் மேல.

எதிர்க்கரைத் தென்னை தெரிஞ்சால் அளவு காட்டிக் கொடுக்கும். வாவி கடலோட சேர்ற முகத்துவாரப் பக்கம் வெளியா இருக்கும், ஆனால் மணல் திட்டை வெட்டி வாய் திறந்திருக்கிற காலத்தில தண்ணி இழுவை கடுமை. பிள்ளைகளை அங்க இறக்க வேணாம்.

பதில் 1 (கல்முனை):
சத்தத்தையும் விட்டுடாதீங்க. படத்தின்ட இசையமைப்பாளர் பேர்னார்ட் ஹேர்மன் அந்தச் சண்டைக்கு சைலோபோன் (மரக்கட்டைகளைத் தட்டுற வாத்தியம்) வாசிக்க வைச்சார். காய்ஞ்ச சிரட்டைத் துண்டு இரண்டைத் தட்டிப் பதிஞ்சு, ஒவ்வொரு அடிக்கும் அதே ஃபிரேமில வைங்க.