வரலாறு படிக்கக் கணினிக் கருவிகள்: உங்கள் அனுபவம் என்ன?

பழைய ஆவணங்களோடு மல்லுக்கட்டக் கணினியைப் பழகியவர்கள் அவரவர் அனுபவத்தைப் போடுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

நான் படிப்பது 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சு நூல்கள். ஸ்கேன் செய்த பக்கத்தை ஓசிஆர் எழுத்தாக மாற்றித் தந்துவிடும், தேடினால் போதும் என்பார்கள். தேடினால் 1800-க்கு முன் ஒன்றுமே வராது. பக்கத்தைத் திறந்தால் சொல் கண்ணெதிரே இருக்கும்! அக்கால அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் 'எஸ்' நீளமாக, ஏறக்குறைய 'எஃப்' போலவே இருக்கும். குறுக்குக்கோடு மட்டும் வலப்பக்கம் தாண்டாது. ஓசிஆருக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியாது, 'பெஸ்ட்' என்பதை 'பெஃப்ட்' என்று படித்து வைத்துவிடும். எந்தச் சொல் எந்த ஆண்டு நூல்களில் எவ்வளவு வருகிறது என்று காட்டும் கருவியான கூகுள் என்கிராமின் 2010-இல் வந்த முதல் பதிப்பில் சில சொற்கள் 1800 வாக்கில் திடீரென்று முளைத்ததுபோல் தெரிந்ததற்கும் இதுதான் காரணம். இப்போது இரண்டு எழுத்துக்கூட்டலையும் போட்டுத்தான் தேடுகிறேன். அப்போதும் வரவில்லை என்றால், பக்கம் பக்கமாகப் புரட்டாமல் 'இல்லை' என்று எழுத மாட்டேன்.

பதில்

நல்ல தகவல் நண்பரே. எனக்குத் தலைவலி தேதிகளில். இங்கிலாந்துத் தேவாலயப் பதிவேடுகளை எக்செலில் ஏற்றுகிறேன். எக்செலின் தேதிக் கணக்கு 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தையதை வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும், வரிசைப்படுத்தினால் தாறுமாறாகும். அதனால் ஆண்டு, மாதம், நாள் மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி.

அதோடு முடியவில்லை. அங்கே 1752 வரை புத்தாண்டு மார்ச் 25. எனவே '1740 ஏப்ரலில் கல்யாணம், 1740 பிப்ரவரியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம்' என்று இருந்தால் பதறக் கூடாது. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1741. நாட்காட்டியை மாற்றியதால் 1752-இல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளே 14 ஆனது வேறு! ஏட்டில் உள்ளபடி ஒரு பத்தி, திருத்திய தேதிக்கு இன்னொரு பத்தி என்று வைத்திருக்கிறேன். முதல் பத்தியில் மட்டும் கை வைப்பதே இல்லை.

பதில்

நான் வரைபடக் கட்சி. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பழைய வரைபடத்தை இன்றைய நிலப்படத்தின் மேல் பொருத்த, இரண்டிலும் உள்ள இடங்களைப் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். ஆற்றங்கரையில் புள்ளி வைக்காதீர்கள், ஆறு இடம் மாறியிருக்கும். கோபுரம், கல்பாலம் போன்றவை உத்தமம். புள்ளிகளை நடுவில் குவிக்காமல் நான்கு மூலைக்கும் பரப்புங்கள், இல்லாவிட்டால் ஓரங்கள் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பதில்

புதிதாக வருபவர்கள் எங்கே தொடங்குவது?

பதில்

'புரோகிராமிங் ஹிஸ்டோரியன்' தளம். 2008-இல் தொடங்கியது, இலவசம், பாடங்கள் ஆய்வாளர்கள் சரிபார்த்தவை. மொத்தத்தையும் படிக்க உட்காராதீர்கள், கையில் இருக்கும் ஆவணத்துக்கு எது தேவையோ அந்தப் பாடத்தை மட்டும் எடுங்கள்.