ஆட்டோகேட் வரைவாளர் தமிழ் எழுத்துரு வடிவமைப்புக்கு மாறினால் எது கைகொடுக்கும், எது காலை வாரும்?

நேர்கோடு:
கணினியில் அளவு வைத்து வரைபடம் போடும் ஆட்டோகேடில் 8 வருடம். ஓவியப் படிப்பு கிடையாது. பழகியதில் எது உதவும், எதை மறக்கணும்? முழு எழுத்துருவையும் முடித்துக் காட்டினால்தான் வேலை தருவார்களா?

வளைகோடு:
மறக்க வேண்டியது அளவுகோலை. கிடைக்கோடும் நெடுக்கோடும் ஒரே தடிமனில் இருந்தால் கிடைக்கோடு தடித்துத் தெரியும். அதைக் கொஞ்சம் மெலிக்கணும். வளைந்த அடியுள்ள எழுத்து, 'ப' போன்ற தட்டை எழுத்தோடு ஒரே கோட்டில் நின்றால் குட்டையாகத் தெரியும். எழுத்து வரையும் 1000 அலகு உயரக் கட்டத்தில் 10 முதல் 15 அலகு கீழே இறக்குங்கள். அளந்தால் தப்பு, கண்ணுக்குச் சரி. வரைவாளர்களுக்கு இதுதான் கசக்கும்.

ஆட்டோகேட் கோப்பை அப்படியே எழுத்துரு வரையும் மென்பொருளுக்குள் இழுக்காதீர்கள். வளைவுகள் துண்டுதுண்டாகி, தேவையில்லாத புள்ளிகள் குவியும். அந்த மென்பொருளாக இலவசமான ஃபான்ட்ஃபோர்ஜே போதும். புதிதாக வரைந்து, வளைவின் உச்சிகளில் மட்டும் புள்ளி வையுங்கள்.

மெய்ப்புள்ளி:
முழுசாக வேண்டாம். ட, ப, க, அ, ழ, ண ஆறும் சரியாக வந்தாலே கோட்டின் கனம், சுழி, வளைவு எல்லாம் முடிவாகிவிடும்.

247 என்று மலைக்காதீர்கள். புள்ளி, துணைக்கால், கொம்பு ஆகியவற்றைத் தனியே வரைந்தால் க், கா, கெ, கொ எல்லாம் சேர்ந்துகொள்ளும். தலைவலி உகரமும் ஊகாரமும்தான்: 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 தனி வடிவங்கள். டி, டீயும் தனி. (ஜு, ஷுவில் குறி ஒட்டாமல் நிற்பதால் தப்பித்தோம்.) கொம்பை எழுத்துக்கு முன்னால் நகர்த்த நீங்களே விதி எழுதிவிடாதீர்கள். உரையைக் காட்டும் மென்பொருளே அதைச் செய்துவிடும். உங்கள் விதியும் அதுவும் மோதினால் 'கெ' குழம்பும்.

வளைகோடு:
வேலை என்றால் வரைதல் மட்டுமில்லை. இடைவெளி சரிபார்ப்பு, ஓப்பன்டைப் விதிகள் (எழுத்துகள் எப்படிச் சேரணும் என்று எழுத்துருக் கோப்பில் எழுதுவது), சோதனை இதெல்லாம் பொறுமை கேட்கும் பகுதி. வரைவாளராகப் பழகிய உங்கள் ஒழுங்கு அங்கேதான் கைகொடுக்கும். ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்த எழுத்துருவைத் திருத்திப் பழகலாம். வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிடணும். மூலப்பெயரை அதை உருவாக்கியவர் தமக்கென ஒதுக்கியிருந்தால் வேறு பெயர் வைக்கணும்.

நேர்கோடு:
'ண' வரைந்து சின்ன அளவில் அச்செடுத்தேன், சுழி அடைத்துக்கொள்கிறது. சுழியைப் பெரிதாக்கவா?

மெய்ப்புள்ளி:
வேண்டாம், 'ண' ஏற்கெனவே அகலம். சுழிக்குள் திரும்பும் இடத்தில் மட்டும் கோட்டை மெலித்து, மறுபடி அச்செடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.