மண்ணடிப் பழைய வீடுகளைக் காப்பதில் மாநகராட்சியின் பங்கு என்ன?

கேள்வி: மண்ணடிவாசி

சென்னை மண்ணடியில் எங்கள் தாத்தா காலத்து வீடு ஒன்று இருக்கிறது. நடுவில் முற்றமும், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையும் கொண்ட வீடு. அதை இடித்துவிட்டுக் கிடங்கு கட்டலாம் என்று பங்காளிகள் சொல்கிறார்கள். பாரம்பரியக் கட்டடமாக அறிவித்துவிட்டால் வீடு எங்கள் கையை விட்டுப் போய்விடுமா? பராமரிப்புக்கு மாநகராட்சி உதவுமா? இரு பக்கமும் இடித்துவிட்ட தெருவில் ஒரு வீட்டை மட்டும் காத்து என்ன பயன் என்ற கேள்வியும் எனக்கு உண்டு.

பதில் 1: சுண்ணாம்புக்காரை

உரிமை உங்களிடமே இருக்கும். தடை இருப்பது இடிப்பதற்கும் விருப்பம்போல் மாற்றுவதற்கும்தான். சென்னையில் இந்த அதிகாரம் பெரும்பாலும் மாநகராட்சியிடம் இல்லை, சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும் அதன் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவிடமும் இருக்கிறது. விளம்பரப் பலகைகளை ஒழுங்குபடுத்துவதற்காக அமைக்கப்பட்ட நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களின் பட்டியலைத்தான், 2010இல் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் உயர் நீதிமன்றம் பாதுகாப்புக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது. பலகையை அகற்றப் போன இடத்தில் நகரத்துக்குப் பாரம்பரியப் பட்டியல் கிடைத்தது என்பது நம் ஊருக்கே உரிய வேடிக்கை. உங்கள் வீடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

பதில் 2: பழைய வண்ணாரப்பேட்டை

மாநகராட்சியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. தனக்குச் சொந்தமான கட்டடங்களை அதனால் நேரடியாகவே காக்க முடியும். ரிப்பன் மாளிகையையும், சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் புதுப்பிக்கப்பட்ட விக்டோரியா பொது அரங்கையும் பாருங்கள். ஆனால் 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம் ரயில்வேயின் சொத்து என்பதால், அங்கே மாநகராட்சியின் சொல் எடுபடாது.

பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகைக்குப் பிறகு கட்டப்பட்ட நகரச் சுவரில் மிஞ்சிய துண்டின் மேல், இப்ராஹிம் சாகிப் தெருவில் மாடிப் பூங்கா இருக்கிறது. அந்தச் சுவர்த் துண்டு மத்திய தொல்லியல் துறையின் பட்டியலில் உள்ள சின்னம். அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை உண்டு. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் காக்கும் இந்த ஏற்பாடு, குடியிருப்பவர்கள் அன்றாடம் எரிச்சல்படும் அளவுக்குக் கடுமையானது. மண்ணடித் தெருக்களுக்குத் தேவை இவ்வளவு கடுமையானது அல்ல. முகப்பின் உயரத்தையும் தெருவோர வரிசையையும் மட்டும் கட்டுப்படுத்தி, உள்ளே கடையோ அலுவலகமோ நடத்த விடும் விதி போதும்.

பதில் 3: கணக்குப்பிள்ளை

பங்காளிகளின் கேள்வி பணம் பற்றியது. அதற்குப் பதில் சொல்லாத எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது. இடிக்கத் தடை மட்டும் விதித்தால் உரிமையாளர் பழுது பார்ப்பதை நிறுத்திவிடுவார். இரண்டு மழைக்காலத்தில் கூரை தானாகவே இறங்கிவிடும். இதற்குத்தான் டி.டி.ஆர். எனப்படும் மாற்றத்தக்க கட்டுமான உரிமை இருக்கிறது: பழைய கட்டடத்தைக் காப்பதால் அந்த மனையில் கட்ட முடியாமல் போகும் தளப்பரப்புக்கு ஈடான உரிமையைப் பெற்று, வேறு மனையில் பயன்படுத்தவோ விற்கவோ செய்யலாம். வீடு தகுதி பெறுமா என்று சி.எம்.டி.ஏ.வில் எழுத்துமூலம் கேளுங்கள்.

அதுவரை சுவரில் சிமென்ட் பூச வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியேற்ற வேண்டும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், கடற்கரையோர உப்பும் சேர்ந்தால் செங்கல் பொடியாக உதிரும். முதல் செலவைக் கூரையின் நீர்க்கசிவை அடைப்பதற்குச் செய்யுங்கள்.